கை தந்தவர் கைவிட்டாரா?

ஒரு தலைக்கு 200 பவுன் விலை! பிடித்துக் கொடுத்தாலும் சரி, பதுங்கியிருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாலும் சரி, எண்ணித் தருவோம் பொற்காசு என்று ஒரு சர்க்கார் விளம்பரம் ஒட்டிற்று. 1854-ஆம் ஆண்டின் கடைசி. நாடு ஆஸ்திரேலியாவிலே விக்டோரியா. அன்று அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாடு. தேடப்பட்டவனோ ஒரு கை துண்டிக்கப்பட்டு, காய்ச்சலிலே புரண்டு, நண்பர் வீடுகளிலே ஒளிந்து கிடந்த 27 வயது வாலிபன்.

அதே தலை, 1880-இல், அதே விக்டோரியாவின் சட்டமன்றத்திலே சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தது. 1887-இல் உடல் நலிந்து அவர் விலகியபோது, அதே சர்க்காரின் கஜானாவிலிருந்து 4000 பவுன் நன்கொடை வழங்கச் சட்டமன்றமே முடிவு செய்தது. 200 பவுன் கொடுத்துப் பிடிக்கப் பார்த்தார்கள்; 4000 பவுன் கொடுத்து வழியனுப்பினார்கள்!

யார் இவர்? பெயர் பீட்டர் லாலர். அயர்லாந்திலே பிறந்தவர். டிவேலராவை நம் மேடைகள் அறியும். அயர்லாந்தின் கண்ணீரையும் நாம் அறிவோம். ஆனால் அந்தத் தீவிலிருந்து கடல் கடந்து போய் வேறொரு கண்டத்தின் அரசியலையே உலுக்கிய லாலரைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. பேச வேண்டும் என்று நாம் நினைப்பதற்குக் காரணம், அவர் வீரர் என்பது மட்டுமல்ல. வீரராக இருந்தவர் நாற்காலியில் அமர்ந்த பிறகு என்ன செய்தார் என்பதும் சேர்ந்ததுதான் அவர் கதை. முதல் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. நமக்கு முழுக் கதையும் வேண்டும்.

லாலர் ஏழை வீட்டுப் பிள்ளையல்ல. இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே, பின்னால் தேவைப்படும். அவர் 1827 பிப்ரவரி 5-ஆம் நாள் பிறந்தது அயர்லாந்தின் குயின்ஸ் கவுண்டியிலே. இன்று அந்த மாவட்டத்தின் பெயர் லீஷ். தந்தை பாட்ரிக் லாலர் ஏறத்தாழ 700 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த பெரிய குடியானவர். வசதி இருந்தது, ஆனால் வளைந்து கொடுக்கும் முதுகு இல்லை. கத்தோலிக்க மதத்தைச் சேர்ந்த அயர்லாந்துக் குடியானவன், தான் கால் வைக்காத ஆங்கிலத் திருச்சபைக்கு, தன் விளைச்சலிலிருந்து வரி செலுத்த வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். யாரோ ஓதுகிற மந்திரத்துக்கு யாரோ உழுத நெல்லிலே பங்கு, அதாவது தசம பாகம்! 1831-இல் தந்தை லாலர் எழுந்து, இனி இந்த வரியைக் கட்டமாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். அதிகாரிகள் வந்தார்கள், ஆடுகளை ஜப்தி செய்தார்கள், வரிக்காகப் பிடித்த ஆடு என்று முத்திரை குத்தி ஏலத்திற்குக் கொண்டு போனார்கள். வாங்க ஆளில்லை! ஊரே ஒன்று சேர்ந்து ஆட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த மாவட்ட மக்கள் அவரை லண்டன் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1835 வரை அங்கே உறுப்பினராக இருந்தார்.

அந்த வீட்டிலே இன்னொருவர் உண்டு. மூத்த சகோதரர் பின்டன் லாலர். முதுகு கூனியவர், நோயாளி. ஆனால் எழுதுகோல் பிடித்தால் நெருப்பு. அயர்லாந்துக்குத் தனிப் பார்லிமெண்டு கேட்டால் மட்டும் போதாது, அயர்லாந்தின் நிலம் அயர்லாந்தின் மக்களுக்குச் சொந்தமாக வேண்டும், அதுதான் அடிப்படை என்று எழுதினார். 1848-இல் சிறைக்குப் போனார். 1849 டிசம்பரிலே, 42-ஆம் வயதில் மடிந்தார். பிற்காலத்தில் அயர்லாந்தின் தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி போன்றவர்கள் தங்களுக்கு முன்னோடி என்று கொண்டாடியது இந்தக் கூனல் முதுகு எழுத்தாளரைத்தான்.

அண்ணன் எழுதிக் கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலே நாடு செத்துக் கொண்டிருந்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. உழுகிறவனுக்கு அதைத் தவிர வேறு உணவு கிடையாது. கிழங்கு அழுகிற்று, ஆனால் அதே மண்ணிலே விளைந்த தானியமும் வளர்ந்த கால்நடையும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன. பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் ஊரைவிட்டே ஓடினார்கள். கார்லோவிலும் டப்ளினிலும் படித்துச் சிவில் எஞ்சினீயராக வெளிவந்த பீட்டர், பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தச் சுடுகாட்டிலே என்ன செய்வார்? சகோதரர் சிலர் அமெரிக்கா சென்றனர். பீட்டரும் மற்றொரு சகோதரர் ரிச்சர்டும் கப்பலேறி, 1852 அக்டோபரில் விக்டோரியாவின் தலைநகரான மெல்போர்னில் இறங்கினார்கள்.

விக்டோரியா அப்போது பொன்வெறி பிடித்த பூமி. முந்தைய ஆண்டுதான் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. குமாஸ்தா மேசையை விட்டு ஓடினான். மாலுமி கப்பலை விட்டு ஓடினான். உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். லாலர் உடனே மண்வெட்டி எடுக்கவில்லை. மெல்போர்ன் - ஜீலாங் இரயில் பாதை வேலையில் இருந்தார். கூட்டாளியோடு மது, மளிகை வியாபாரம் பார்த்தார். ரிச்சர்டு அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டார். பிற்காலத்தில் அவரும் தந்தையைப் போல லண்டன் பார்லிமெண்டில் உட்கார்ந்தார். பீட்டர் முதலில் ஓவன்ஸ் தங்க வயலுக்கும், 1854-இல் பல்லாரட்டுக்கும் சென்றார். அங்கே யுரேகா என்ற பகுதியிலே குழி தோண்டினார். ஜீலாங்கிலே அலீசியா டன் என்ற பள்ளி ஆசிரியை. அவரை மணக்கப் பேசி வைத்திருந்தது. கொஞ்சம் தங்கம் கிடைத்தால் கலியாணம்! அந்த நாளில் அவருடைய லட்சியம் இவ்வளவுதான்.

பல்லாரட்டின் தங்கம் மேலே கிடக்கவில்லை. நூறடி, அதற்கும் ஆழம் என்று குழி இறக்க வேண்டும். தண்ணீரை இறைத்துக்கொண்டு, பக்கச் சுவர் சரியாமல் பலகை அடித்துக்கொண்டு, மாதக்கணக்கிலே பாடுபட வேண்டும். அத்தனையும் செய்து அடியிலே கை வைத்தால் சிலருக்குப் பொன், பலருக்குக் களிமண்! ஆனால் சர்க்காருக்கு இது பற்றிக் கவலையில்லை. பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிறவன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1851-இல் மாதம் 30 ஷில்லிங் என்று விதித்தார்கள். 1853-இல் பெண்டிகோ வயலின் தொழிலாளர்கள் தொப்பியிலே சிவப்பு நாடா கட்டிக் கிளர்ச்சி செய்த பிறகு, ஆண்டுக்கு 8 பவுன், மாதத்திற்கு 1 பவுன் என்று குறைத்தார்கள். இது வருமானத்தின் மீது போட்ட வரியல்ல. வியர்வையின் மீது போட்ட வரி! வரி கட்டுகிறவனுக்கு வாக்கு உண்டா? இல்லை. நிலம் வாங்க வழி உண்டா? நல்ல நிலமெல்லாம் ஆட்டுமந்தைச் சீமான்களின் கையிலே. சட்டமன்றமும் அவர்கள் பிடியிலே.

இதற்குமேல் லைசென்ஸ் வேட்டை! வேட்டை என்றே பெயர். துப்பாக்கியும் துருப்பிடித்த மனமும் கொண்ட போலீசார் குழிகளைச் சூழ்ந்து கொள்வார்கள். சேற்றிலே நிற்பவன் மேலேறி வந்து காகிதம் காட்ட வேண்டும். கூடாரத்திலே வைத்துவிட்டேன் என்றால் எடுபடாது. நனைந்து கிழிந்துவிட்டது என்றாலும் எடுபடாது. பிடிபட்டவனை மரக்கட்டையோடு சங்கிலியால் பிணைப்பார்கள். 1854-இல் கவர்னராக வந்து சேர்ந்த சர் சார்லஸ் ஹோதம் கப்பற்படை அதிகாரி. கஜானாவிலே துண்டு விழுந்ததைக் கண்டார்; வாரத்துக்கு இருமுறை வேட்டை நடத்தச் சொன்னார்.

வைக்கோற்போர் காய்ந்திருந்தது, தீப்பொறி ஒன்றுதான் பாக்கி. 1854 அக்டோபர் 7-ஆம் நாள், யுரேகா ஓட்டல் அருகே ஸ்கோபி என்ற தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டான். ஓட்டல் முதலாளி பென்ட்லி மீது சந்தேகம். வழக்கை விசாரித்த மாஜிஸ்திரேட்டோ பென்ட்லிக்கு வேண்டியவர்! விடுதலை! பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், ஓட்டல் சாம்பலாயிற்று. சர்க்கார் கொள்ளி வைத்ததற்கு மூவரைப் பிடித்துச் சிறையிலிட்டது.

நவம்பர் 11-இல் பேக்கரி குன்றிலே பெருங்கூட்டம். பல்லாரட் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. இங்கிலாந்தில் சாசன இயக்கத்திலே பயின்றவர்கள் பலர் அதில் இருந்தார்கள். செயலாளர் வேல்ஸ் நாட்டவரான ஹம்பிரே, அமைதி வழி தவிர மற்றதை ஏற்காதவர். அவர்கள் வகுத்த கோரிக்கைகளைக் கவனியுங்கள்: வயது வந்த ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை, சட்டமன்றத்துக்குள் நுழையச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம், லைசென்ஸ் ஒழிப்பு. சிறையிலிருந்த மூவரை விடுவிக்கும்படி கேட்டுத் தூது போனபோது, வேண்டுகிறோம் என்று எழுதாமல் கோருகிறோம் என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல் கவர்னருக்குச் சுட்டது. பதிலாகப் பட்டாளம் வந்தது.

இந்த நேரம் வரை லாலர் மேடையேறியவரல்ல. நவம்பர் 29-இல்தான் முதல் முறையாகப் பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். அன்றுதான் நீலத் துணியிலே வெள்ளைச் சிலுவையும் ஐந்து நட்சத்திரங்களுமாகத் தென்சிலுவைக் கொடி முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டிஷ் கொடியின் அடையாளம் அதில் ஒரு மூலையிலும் இல்லை! லைசென்ஸ் காகிதங்கள் நெருப்பிலே வெந்தன. கொழுந்து விட்டெரிந்த காகிதத்துக்குப் பதில் சொல்ல மறுநாளே சர்க்கார் இன்னொரு வேட்டை நடத்திற்று. துப்பாக்கி வெடித்தது. மக்கள் பேக்கரி குன்றுக்கு ஓடினார்கள். தலைவர்கள் எங்கே? பழகிய பேச்சாளர்கள் யாரும் அங்கே இல்லை. ஒரு வெட்டுமரத்தின் அடிக்கட்டை மீது, கையிலே துப்பாக்கியோடு ஏறி நின்றார் அந்த நெடிய வாலிபர். போராட விருப்பமுள்ளவர்கள் அணி பிரிந்து நில்லுங்கள் என்றார். பிறகு கொடியின் கீழே மண்டியிட்டு, வலக்கையை உயர்த்தி, ஒருவருக்கொருவர் துணை நின்று உரிமைக்காகப் போராடுவோம் என்று உறுதி சொல்ல, நூற்றுக்கணக்கானோர் கூடவே சொன்னார்கள். ஐரிஷ்காரன் மட்டுமல்ல, இத்தாலியக் கார்போனி, கானடா நாட்டு ராஸ், ஜெர்மானிய வெர்ன், அமெரிக்காவின் நீக்ரோ தொழிலாளி ஜான் ஜோசப், எலுமிச்சைப் பானம் விற்று வந்த தோனன் என்று பல நாட்டார் அந்தப் போராட்டத்திலே இருந்தார்கள்.

யுரேகாவிலே மரப்பலகைகளையும் கவிழ்த்த வண்டிகளையும் கொண்டு ஒரு ஏக்கர் அளவுக்கு வேலி கட்டினார்கள். கோட்டை என்று சொல்வது மரியாதைக்காக. துப்பாக்கி போதாது, கொல்லன் ஈட்டி வடித்துக் கொடுத்தான். சனிக்கிழமை இரவு அடையாளச் சொல் என்ன என்று கேட்டார்கள். லாலர் தந்தது வினிகர் குன்று என்ற பெயர். 1798-இல் அயர்லாந்துப் புரட்சியாளர் தோற்றுச் சிந்திய குருதியால் பெயர்பெற்ற இடம் அது. ஐரிஷ் உள்ளம் சிலிர்த்திருக்கும். ஆனால் இது அயர்லாந்துக்காரர் சண்டை போலிருக்கிறதே என்று மற்றவர் சிலர் ஒதுங்கிக் கொண்டார்கள் என்பதும் உண்மை. எல்லோருக்கும் பொதுவான போரிலே ஒரு சாராரின் சின்னத்தைச் சூட்டியது பிழை என்று நாம் கருதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, கர்த்தருக்கு உகந்த ஓய்வு நாள், அன்று சர்க்கார் சுடாது என்று நம்பிப் பலர் தம் கூடாரங்களுக்குத் தூங்கப் போனார்கள். வேலிக்குள்ளே மிஞ்சியவர்கள் சுமார் 120 பேர். கிறிஸ்தவ சர்க்காரோ ஓய்வு நாளைப் பார்க்கவில்லை. டிசம்பர் 3, விடியுமுன், 276 பேர் கொண்ட பட்டாளமும் போலீசும் பாய்ந்தன. கால் மணி நேரமோ இருபது நிமிடமோ, எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகும் விழுந்தவர்களைக் குத்தினார்கள், கூடாரங்களைக் கொளுத்தினார்கள். பின்னர் லாலரே வெளியிட்ட பட்டியலின்படி மாண்ட தொழிலாளர் 22 பேர். எலுமிச்சைப் பானம் விற்ற தோனனும் அதிலே ஒருவன்.

லாலரின் இடது கையைக் குண்டு சிதைத்தது. தோழர்கள் அவரைப் பலகைகளுக்கு அடியிலே மறைத்தார்கள். பட்டாளம் அகன்ற பிறகு காட்டுக்குள்ளே கொண்டுபோய், அங்கிருந்து கத்தோலிக்கப் பாதிரியார் ஸ்மித்தின் வீட்டிலே சேர்த்தார்கள். கையைத் தோளோடு எடுக்க வேண்டியதாயிற்று. அறுக்கத் தயங்கிய டாக்டருக்குத் தைரியம் சொன்னவர் அறுபட்டவரே என்று பதிவு இருக்கிறது. பின்னர் வண்டியிலே மறைத்து ஜீலாங்குக்கு அனுப்பினார்கள். அங்கே அலீசியா காத்திருந்தார், காப்பாற்றினார். 200 பவுன்! எத்தனை ஏழைகள் அந்த வழியிலே அவரைக் கண்டிருப்பார்கள்! ஒருவன் வாய் திறக்கவில்லை. அந்தத் தொகையால் ஒரு குடும்பம் சில ஆண்டுகள் உண்டு உடுத்தியிருக்க முடியும். பசியோடிருந்தவர்கள் பணத்தைப் பார்க்கவில்லை என்பதை எண்ணும்போது, கைகொடுத்த லாலரைவிட அவரைக் காட்டிக் கொடுக்காத பெயர் தெரியாத மக்களே நமக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

சர்க்கார் வென்றது குன்றிலே, தோற்றது கோர்ட்டிலே. 13 பேர் மீது ராஜத்துரோக வழக்கு. முதலில் ஜான் ஜோசப்பை நிறுத்தினார்கள். விடுதலை! மெல்போர்ன் மக்கள் அந்தக் கறுப்புத் தொழிலாளியை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளிலே தூக்கித் தெருத்தெருவாக வலம் வந்தார்கள். அடுத்தவர், அடுத்தவர் என்று பதின்மூவரும் விடுதலை. ஜூரிகள் பொதுமக்கள் அல்லவா! 1855-இல் லைசென்ஸ் ஒழிந்தது. அதற்குப் பதில் ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டிச் சுரங்க உரிமைச் சீட்டு. அதை வைத்திருப்பவனுக்கு வாக்கு. எட்டு பவுன் ஒன்றாயிற்று, வாக்கில்லாதவன் வாக்காளனானான்! லாலர் வெளியே வந்தார், பகிரங்கமாக ஏலத்தில் 160 ஏக்கர் நிலம் வாங்கினார், ஜூலையில் அலீசியாவை மணந்தார், நவம்பரிலே ஹம்பிரேயோடு சேர்ந்து போட்டியின்றிச் சட்டமன்றம் புகுந்தார். ஓர் ஆண்டிற்குள் இத்தனையும்!

இங்கே நிறுத்திவிட்டால் கூட்டம் ஆரவாரிக்கும். நாம் நிறுத்தப் போவதில்லை.

1856-இல் விக்டோரியாவுக்குப் பொறுப்பாட்சி வந்தது. இரகசிய வாக்குச் சீட்டு முறை அந்த ஆண்டிலேயே அங்கே சட்டமாயிற்று. அதே ஏப்ரலில் மெல்போர்னின் கல்தச்சர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போய் எட்டு மணி நேர வேலைநாளை வென்றார்கள். அடுத்த ஆண்டு ஆடவர் அனைவருக்கும் வாக்கு என்ற நிலை பிறக்க இருந்தது. அந்தத் தேர்தல் மசோதா வந்தபோது, ஒற்றைக் கை லாலர் எந்தப் பக்கம்? சொத்து உள்ளவனுக்குச் சொத்து உள்ள இடந்தோறும் தனித்தனி வாக்கு என்ற பக்கம்! ஓரிடத்தில் ஆறு மாதம் குடியிருந்தால்தான் வாக்கு என்ற பக்கம்! தங்கம் தேடி வயலுக்கு வயல் அலைகிற தொழிலாளி ஆறு மாதம் எங்கே ஓரிடத்தில் இருப்பான்? எந்தத் தோளிலே ஏறி மன்றத்துக்கு வந்தாரோ, அந்தத் தோளின் உரிமையைப் பறிக்கும் விதிக்குக் கை தூக்கினார். மிச்சமிருந்த அந்த ஒரு கையை!

பல்லாரட் கொதித்தது. பதவி விலகு என்று மனு எழுந்தது. லாலர் பதில் எழுதினார். சாசன இயக்கமோ பொதுவுடைமையோ குடியரசுக் கொள்கையோதான் ஜனநாயகம் என்றால், தாம் எந்நாளும் ஜனநாயகவாதியல்ல. கொடுங்கோன்மை எங்கிருந்து வந்தாலும், அரசிடமிருந்து வந்தாலும் மக்களிடமிருந்து வந்தாலும் பத்திரிகையிடமிருந்து வந்தாலும், அதை எதிர்ப்பதுதான் ஜனநாயகம் என்றால் தாம் என்றும் ஜனநாயகவாதியே என்பது அந்தப் பதிலின் சாரம்.

துரோகி என்று பலர் சொன்னார்கள். நாம் அப்படி எளிதாகச் சொல்லிவிட மாட்டோம். அந்தப் பதிலை மீண்டும் பாருங்கள். அவர் மாறிவிட்டதாகச் சொல்லவில்லை. எப்போதுமே இப்படித்தான் என்கிறார். அதுதான் உண்மை என்று நாம் கருதுகிறோம். 700 ஏக்கர்க் குத்தகைக்காரரின் மகன், எஞ்சினீயர், வியாபாரி. அவர் அடிக்கட்டை மேல் ஏறியது பணக்கார ஆட்சியை எதிர்த்தா? இல்லை. அதிகாரியின் சவுக்கை எதிர்த்து, மரக்கட்டையில் மனிதனைக் கட்டும் இழிவை எதிர்த்து. தந்தை வரிகொடாமல் நின்றாரே, அதே கோபம். அண்ணன் பின்டன் வேறு. அவர் நிலம் யாருடையது என்று கேட்டார். தம்பி லாலர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பேக்கரி குன்றிலே கூடியிருந்தவர்கள் பின்டனின் கேள்வியைத் தம்பியின் வாயிலே தாங்களே வைத்துக் கேட்டுவிட்டார்கள்! தலைவனின் வீரத்தைப் பார்த்தார்கள்; கொள்கையைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்க நேரமும் இல்லை, பாவம். பட்டாளம் வந்து கொண்டிருந்தது.

1859-இல் லாலர் சவுத் கிராண்ட் என்ற தொகுதிக்குப் போய்விட்டார். நீண்ட காலம் மன்றத்திலே இருந்தார், 1871-இல் தோற்றார். அந்த இடைவெளியிலேதான் க்ளூன்ஸ் சம்பவம்.

தனி ஆள் குழி தோண்டிய காலம் போய், கம்பெனிகள் இயந்திரம் வைத்துச் சுரங்கம் நடத்திய காலம் அது. க்ளூன்ஸ் ஊரின் லோதேர் சுரங்கக் கம்பெனி டைரக்டர்களில் ஒருவர் யார்? பீட்டர் லாலர்! சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சுரங்கத்தில் இறங்கு என்றது கம்பெனி. முடியாது என்றார்கள் தொழிலாளர்கள். 1853-இல் சிவப்பு நாடா, 1854-இல் நீலக் கொடி, 1873-இல் வேலைநிறுத்தம். பல வாரங்கள் நீடித்தது. கம்பெனி என்ன செய்தது? பல்லாரட்டிலிருந்தும் கிரெஸ்விக்கிலிருந்தும் சீனத் தொழிலாளரை வண்டியிலேற்றி, போலீஸ் காவலோடு அனுப்பிற்று. 1873 டிசம்பர் 9. ஊரே திரண்டது, ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். வண்டிகளையும் கட்டைகளையும் குறுக்கே போட்டு வழியை அடைத்தார்கள், கல்லெறிந்தார்கள். போலீசும் வண்டிகளும் திரும்பி ஓடின. 19 ஆண்டுகளுக்கு முன் வேலி கட்டியவர் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம்! டிசம்பர் மாதம் கூட மாறவில்லை. ஆள்தான் இடம் மாறியிருந்தார். கம்பெனி பணிந்தது. அடுத்த ஆண்டு சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து பெரிய சங்கமாயின.

க்ளூன்ஸ் மக்களை முழு மனத்தோடு பாராட்ட நமக்கு ஆசைதான். ஆனால் எறிந்த கல் கம்பெனியின் மேசை மீது விழவில்லை. பசிக்கு வேலை தேடி வந்த சீன ஏழையின் தலையில் விழுந்தது. மஞ்சள் தோல் என்ற வெறுப்பும் அந்தக் கல்லிலே கலந்திருந்தது. இதற்கு வேர் யுரேகா ஆண்டிலேயே இருக்கிறது. வெள்ளைத் தொழிலாளிக்கு லைசென்ஸை நீக்கிய அதே 1855-இல், வந்திறங்கும் ஒவ்வொரு சீனனுக்கும் 10 பவுன் தலைவரி போட்டது அதே விக்டோரியா! உரிமைச் சீட்டின் மை உலருமுன் அடுத்தவன் கழுத்துக்குச் சங்கிலி. இன்னும் ஒன்று. பல்லாரட் மண் வாடவுரங் என்ற பழங்குடி மக்களின் மண். அவர்களைச் சீர்திருத்தச் சங்கமும் கேட்கவில்லை, கவர்னரும் கேட்கவில்லை. தங்கம் யாருக்கு என்ற சண்டையிலே, தரை யாருடையது என்று வாய் திறக்க ஒரு பின்டன் அங்கே இல்லாமற் போனார்.

லாலரின் கணக்கிலே வரவும் எழுத வேண்டும், நியாயம் அதுதான். மீண்டும் மன்றத்துக்கு வந்தவர், 1875-இலும் பிறகு 1877 முதல் 1880 வரையிலும் கிரஹாம் பெர்ரியின் மந்திரி சபையிலே சுங்க இலாகா மந்திரியாக இருந்தார். பெர்ரி பெருநிலச் சீமான்களோடு மோதியவர். சீமான்களின் கோட்டையான மேல்சபை, உறுப்பினர் சம்பளத்தை வெறுத்துப் பண ஒதுக்கீட்டையே தடுத்தபோது, 1878 ஜனவரி 9-இல் பெர்ரி சர்க்கார் உயர் அதிகாரிகளையும் நீதிபதிகளையும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிற்று. கறுப்புப் புதன் என்று சீமான்கள் அலறினார்கள். அந்த மந்திரி சபையிலே லாலர் இருந்தார், விலகவில்லை. உறுப்பினருக்குச் சம்பளம் என்பது பேக்கரி குன்றின் கோரிக்கையல்லவா! சுற்றி வளைத்தாவது பழைய பாதைக்கு ஓர் அடி வந்தார். அதன்பின் ஏழாண்டு சபாநாயகர். கண்டிப்பானவர், கட்சி பார்க்காதவர் என்று எதிர்க்கட்சியும் மதித்தது. சர் பட்டத்தை வேண்டாமென்றவர் என்றும் சொல்கிறார்கள்.

1887-இல் அலீசியா மறைந்தார். மகளை அதற்கு முன்பே இழந்திருந்தார். நீரிழிவும் துயரமும் வாட்ட, டாக்டரான மகனின் ரிச்மண்டு வீட்டிலே 1889 பிப்ரவரி 9-இல் லாலர் கண் மூடினார். வயது 62.

அமைதி வழி என்று சொல்லி, வேலிக்குள் வராமல் நின்றாரே ஹம்பிரே, அவரை அன்று கோழை என்றார்கள். அவர் 1860-இல் சுரங்க மந்திரியானார். பிறகு தோற்றார், வறுமையிலே உழன்றார், 1891-இல் பல்லாரட்டிலேயே இறந்தார். அவர் விரும்பியபடி யுரேகாவிலே மாண்டவர்களின் கல்லறை அருகே புதைத்தார்கள். லாலர் கிடப்பது மெல்போர்ன் கல்லறையில்.

லாலரின் பெயரை ஒரு தேர்தல் தொகுதிக்கு 1949-இல் வைத்தார்கள். வியட்நாம் போரை எதிர்த்து 1970-இல் மெல்போர்ன் வீதியிலே பெரும் பேரணி நடத்திய ஜிம் கெய்ன்ஸ் அந்தத் தொகுதியின் உறுப்பினர்; 2010-இல் ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமரான ஜூலியா கில்லார்டும் அந்தத் தொகுதிக்காரரே. தென்சிலுவைக் கொடியின் எஞ்சிய பகுதி, நினைவுக்காகப் பலர் துண்டு துண்டாகக் கத்தரித்துக் கொண்டது போக மிஞ்சியது, பல்லாரட்டிலே கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் சாயலைக் கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் ஏந்துகின்றன; வெள்ளை இனவெறிக் கும்பல்களும் ஏந்துகின்றன.

பல்லாரட்டின் ஸ்டர்ட் வீதியிலே லாலருக்கு ஒரு சிலை. 1893-இல் வைத்தார்கள். பணம் கொடுத்தவர் ஊர்ச் செல்வர் ஜேம்ஸ் ஆடி. சிலையிலே அடிக்கட்டை இல்லை, துப்பாக்கி இல்லை, கொடி இல்லை. சபாநாயகர் அங்கி அணிந்து நிற்கிறார்.